மழை பெய்த கிராமத் தெரு

திருவனந்தபுரத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பத்மநாப சுவாமி கோயிலில் தொடங்கிக் கோவளத்துக் கடற்கரையில் முடிப்பது வழக்கம். இரண்டும் எழுதத் தக்கவையே. ஆயினும் அவ்விரண்டையும் நம் அன்பர்கள் பன்முறை கண்டிருப்பார்கள். காணாதவர்களும் பிறர் எழுதப் படித்திருப்பார்கள். ஆகவே, இம்முறை நாம் அவர்களை ஒரு தெருவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அதுவும் மழை பெய்துகொண்டிருக்கும் வேளையில். குடை அவசியம். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும் நேரலாம்.

புகைவண்டி நிலையம் தம்பானூரில் இருக்கிறது. 1918-ஆம் ஆண்டு கொல்லத்திலிருந்து இருப்புப்பாதை வந்தபோது வண்டிகள் சாக்கையோடு நின்றுவிட்டன. 1931-இல்தான் தம்பானூர் வரை பாதை நீண்டது. தெற்கே நாகர்கோவிலுக்கு 1979-இலும், அங்கிருந்து திருநெல்வேலிக்கு 1981-இலும் வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து இரயிலில் வருவோர் செங்கோட்டை, கொல்லம் என்று சுற்றியே வரவேண்டும். உத்தியோக வாசனை சற்றே வீசுவதை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. பார்சல் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சீட்டு எழுதும் கை இது.

நாம் பிறந்தது வள்ளியூருக்குக் கிழக்கே, பனைமரங்களும் செம்மண் மேடுகளும் நிறைந்த ஒரு சிற்றூர். அங்கே மழை என்றால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எண்ணிச் சில நாட்கள். எஞ்சிய காலமெல்லாம் காற்று. திருவனந்தபுரத்திற்கோ இரண்டு மழைக்காலங்கள். வைகாசியின் நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தை மலையாளிகள் இடவப்பாதி என்பர். ஐப்பசியில் இடியோடு வருவது துலாவருஷம். ஊருக்குப் போகும் வண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் குடைகள் யாவும் மூட்டைக்குள் போய்விடும். திரும்பி வரும்போது அதே கணவாயில் அவை வெளியே வரும். 1956-ஆம் ஆண்டு மாநிலங்களைப் பிரித்தவர்கள் அக்கணவாயையும் அதன் இப்புறத்து நாஞ்சில் நாட்டையும் தமிழகத்தில் சேர்த்தார்கள். மழை மட்டும் பழைய எல்லையையே இன்றும் பின்பற்றி வருகிறது.

தம்பானூரிலிருந்து கிழக்கே கோட்டைக்கு வந்து, சாலைக் கடைவீதிக்குள் நுழைய வேண்டும். திவான் இராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏற்படுத்திய கடைவீதி இது. தமிழ் வணிகர்களின் குரல் இன்றும் இங்கே ஓயாது கேட்கும். மிளகாய் மூட்டையும் வெங்காய மூட்டையும் தார்ப்பாயின் கீழ் ஒடுங்கிக் கிடக்க, சுமை தூக்குவோர் தலையில் சாக்கை மடித்துக் கொண்டை போலப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அவ்வழியே நடந்து, ஆரியசாலையைக் கடந்தால் வலியசாலை.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். இந்நகரத்தில் 'கிராமம்' என்றால் வயலும் வரப்புமன்று. பல தலைமுறைகளுக்கு முன் தமிழ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய அந்தணர்களின் வரிசை வீடுகள் உள்ள தெருவுக்குத்தான் கிராமம் என்று பெயர். மாநகரத்தின் நடுவே, பேருந்தின் ஒலி கேட்கும் தூரத்தில், கரமனையில் ஒரு கிராமம், வலியசாலையில் ஒரு கிராமம். வலியசாலையில் உள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் என்று பெயர். முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று கருதும் அறிஞர் பலர். அப்படியாயின், இத்தெருவுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாது. இப்போது பழைய குடும்பங்கள் பல வெளியூர் சென்றுவிட்டன. சில வீடுகள் இடிக்கப்பட்டு மாடிகளாயின. சிலவற்றில் நம்மைப் போன்றவர்கள் வாடகைக்கு இருக்கிறோம்.

வீடுகளுக்கு இடையே சந்து இல்லை. ஒரு சுவர் இரு வீடுகளைத் தாங்கும். திண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளமாய்ப் போகும். ஓட்டுக் கூரைகளும் அவ்வாறே. மழை இறங்கும்போது அந்த நீண்ட இறவாரம் முழுவதிலிருந்தும் நீர் ஒரே சமயத்தில் விழத் தொடங்கும். தெருவின் இருபுறமும் நீராலான இரண்டு திரைகள். திண்ணையில் அமர்ந்திருப்பவர் திரைக்கு உள்ளே. குடை பிடித்துச் செல்பவர் திரைக்கு வெளியே. எதிர்வீட்டு மாமியின் மஞ்சள் சேலை தெரியும், முகம் தெரியாது. காலையில் இட்ட கோலம் கரைந்து வெண்மையாய் ஓடும். ஆட்டோ ஒன்று வந்தால், அதன் விளக்கு நனைந்த தரையில் நெடுந்தூரம் நீண்டு, வண்டி போன பிறகும் கண்ணுக்குள் இருக்கும். கோயில் மணி ஒலிப்பது மழைக்குள் அமிழ்ந்து, அடுத்த ஊரிலிருந்து வருவது போலக் கேட்கும். மாலை ஆறு மணிக்கு, மேகம் மேற்கே சற்றே விலகிக் கடற்பக்கத்து வெளிச்சம் தெருவில் விழுமானால், பழைய ஓடுகளும் பாசி பிடித்த சுவர்களும் புதியவைபோல் ஆகிவிடும். அது கால் மணி நேரம்கூட நில்லாது. அந்நேரத்தில் பணிமுடிந்து வீடு திரும்பும் பேறு நமக்குப் பலமுறை வாய்த்ததுண்டு. உண்மையைச் சொன்னால், பத்தாண்டுகள் அதைப் பார்க்காமலே நடந்தோம். பாதையில் பள்ளம் இருக்கிறதா என்றே பார்த்தோம்.

பார்த்தவள் நம் மகள். இவ்வூரில் பிறந்தவள்; இப்போது வயது பத்து. சென்ற ஆண்டு, நம்மவர் கூடிய விழா ஒன்றில் சிறுவர்களுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு: 'எங்கள் ஊர்'. வீட்டிலேயே வரைந்து தரலாம் என்பது ஏற்பாடு. இரண்டு நாள் அவள் திண்ணையிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் நாம் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கிக் கிடந்தது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கதவு எது, சன்னல் எது என்று தெரியவில்லை. நடுவே கறுப்பாய் ஒரு பொட்டு. அதன் கீழே அதே பொட்டு தலைகீழாய்.

"இது என்ன, மை கொட்டிவிட்டதா?" என்றோம்.

"எங்க ஊருப்பா" என்றாள்.

'எங்க ஊர்' என்ற அந்தச் சொல்லே நம்மைச் சுட்டது. நமது ஊர் இதுவன்று, வள்ளியூருக்குக் கிழக்கே இருப்பது என்று உரக்கச் சொன்னோம். அருகே அமர்ந்து, புதிய தாளில், மூன்று பனைமரம், ஒரு கிணறு, சுடலைமாடன் பீடம், கதிர்களோடு கூடிய சூரியன் இவற்றை அவள் கையாலேயே வரையச் செய்தோம். பனைமரத்துக்கு அளவுகோலும் கொடுத்தோம். அதற்கு மூன்றாம் பரிசு கிடைத்தது: எவர்சில்வர் சம்படம் ஒன்று. அவள் அதை வாங்கி வந்து, ஆச்சியிடம் வெற்றிலை வைத்துக்கொள்ளும்படி கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அதன்பின் பல மாதம் வண்ணப் பெட்டியை அவள் தொடவில்லை. தேர்வுக்குப் படிக்கிறாள் என்று நாம் மகிழ்ந்தோம்.

இனி ஒரு புத்தகத்தின் கதை. பாளையத்துப் பக்கம் பழைய புத்தகம் விற்கும் கடையில், மழைக்கு ஒதுங்கியபோது, அட்டை கிழிந்த ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டினோம். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. நனைந்த சாலை; குதிரை பூட்டிய பயண வண்டி; சில வீடுகள், சில மரங்கள்; மனிதர்கள் என்று சொல்லத்தக்க சில பொட்டுகள்; சாலைக் குழிகளில் தேங்கிய நீரில் வானத்தின் வெளிச்சம். மழை இப்போதுதான் நின்றதா, மீண்டும் வரப்போகிறதா என்று சொல்ல இயலாத வேளை. படத்தின் கீழே பெயர் இருந்தது: 'லூவ்சியேனில் பயண வண்டி', 1870, கமீல் பிசாரோ. பேரம் பேசாமல் வாங்கினோம். நம் வழக்கத்திற்கு மாறான செயல் அது.

பிறகு தேடிப் படித்ததில் அறிந்தவை பல. பிசாரோ பிரெஞ்சு ஓவியராயினும் பிறந்தது பிரான்சில் அன்று. 1830-இல், அப்போது டென்மார்க்குக்கு உரியதாயிருந்த செயின்ட் தாமஸ் என்னும் கரீபியத் தீவில் பிறந்தார். கடலும் தென்னையும் வெயிலும் உள்ள தீவு. தந்தை வணிகர். பதினேழு வயதில் மகனைச் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தாவாகத் துறைமுகத்தில் அமர்த்தினார். அன்பர்களே, இவ்விடத்தைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். மூட்டைகளை எண்ணும் அதே வேலை! அவர் எண்ணிக்கொண்டே இடையில் படம் எழுதினார். பின்னர் ஓர் ஓவிய நண்பரோடு வெனிசுவேலாவுக்குப் போனார். 1855-இல் பாரிஸ் சேர்ந்தார். 1869-இல் பாரிசுக்கு மேற்கேயுள்ள லூவ்சியேன் என்னும் கிராமத்தில் குடியேறினார். அவ்வூரின் சாலையைத்தான் பனியிலும் மழையிலும் வெயிலிலும் திரும்பத் திரும்ப எழுதினார். பிறந்த தீவின் தென்னைகளை விட்டுவிட்டு, குடியேறிய ஊரின் சேற்றை எழுதினார்.

அச்சேறும் நிலைத்த இடமாக அமையவில்லை. அதே 1870-இல் பிரஷ்யப் படை பிரான்சுக்குள் புகுந்தது. பிசாரோ குடும்பத்தோடு இலண்டனுக்கு ஓடினார். அடுத்த ஆண்டு திரும்பியபோது, இருபதாண்டு உழைப்பாக அவர் விட்டுச் சென்ற சுமார் 1500 படங்களில் 40 அளவே எஞ்சியிருந்தன என்பர். வீட்டில் தங்கிய படைவீரர்கள் சேற்றுக்கு மிதியடியாக அவற்றைப் போட்டு நடந்தார்களாம். இலண்டனில் அகதியாக இருந்த நாட்களிலும் அவர் கை ஓயவில்லை. லார்ட்ஷிப் லேன் என்ற சிறு புகைவண்டி நிலையத்தையும் அங்கிருந்து புறப்பட்டு வரும் வண்டியையும் 1871-இல் எழுதினார். அப்படத்தின் அச்சும் நம் புத்தகத்தில் இருக்கிறது. சிக்னல் கம்பத்தைக்கூட விடவில்லை. நம் துறையினர் பாராட்டக் கடமைப்பட்டவர்கள்.

1874-இல் பிசாரோவும் மோனேயும் வேறு சிலரும் கூடிப் பாரிசில் ஒரு புகைப்படக்காரரின் பழைய கூடத்தில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மோனே தம் துறைமுகப் படம் ஒன்றுக்கு இட்டிருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு, பத்திரிகைக்காரர் லூயி லெராய் இவர்களை 'இம்ப்ரெஷனிஸ்ட்' என்று ஏளனம் செய்தார். மனத்தில் பட்டதை அப்படியே அப்பிவிடுபவர்கள் என்பது போன்ற பொருள். ஏளனப் பெயரே நிலைத்துவிட்டது. அவர்கள் நடத்திய காட்சிகள் மொத்தம் எட்டு. எட்டிலும் தவறாது கலந்துகொண்டவர் பிசாரோ ஒருவரே. தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841-இல் வந்திராவிட்டால் இவர்கள் வெளியில் அமர்ந்து எழுதியிருக்க முடியாது. புகைவண்டி இல்லாவிடில் பாரிசிலிருந்து சிற்றூர்களுக்குப் போய்வந்திருக்கவும் முடியாது. இரண்டாவது காரணத்தை நாம் சற்று அழுத்திச் சொல்வதை அன்பர்கள் பெரிதுபடுத்த வேண்டாம்.

முறை எளிதுதான், சொல்வதற்கு. வீட்டை எழுதாதே, வீட்டின்மேல் விழும் ஒளியை எழுது. நனைந்த சாலைக்குச் சொந்த நிறம் கிடையாது. மேலேயுள்ள வானம், அருகேயுள்ள சுவர், போகிறவரின் ஆடை இவற்றிடம் கடன் வாங்கிய நிறமே அதற்கு உண்டு. ஆகவேதான் மழைத் தெரு இவர்களுக்கு அவ்வளவு பிடித்தது போலும். அருகில் பார்த்தால் வண்ணக் குழப்பம். ஐந்தடி தள்ளி நின்றால் தெரு. முதுமையில் பிசாரோவுக்குக் கண்ணில் தீராத நோய். வெளிக்காற்று ஆகாது. அப்போதும் பாரிசின் விடுதிகளில் மாடியறை எடுத்து, மூடிய சன்னலுக்குப் பின்னிருந்து கீழே செல்லும் தெருவை எழுதினார். 1898-இல் அப்படி எழுதியவற்றில் மழை நாட்களும் உண்டு. 1903-இல் மறைந்தார்.

'லூவ்சியேனில் பயண வண்டி' இப்போது பாரிசில் ஓர்சே காட்சிச்சாலையில் இருக்கிறது. அக்கட்டடம் 1900-இல் புகைவண்டி நிலையமாகக் கட்டப்பட்டது! வண்டிகள் நீண்டுபோக, நடைமேடைகள் நீளம் போதாமல், 1939-இல் தொலைதூர வண்டிகள் அங்கு வருவது நின்றது. 1986-இல் காட்சிச்சாலையாகத் திறந்தார்கள். குதிரை வண்டியின் படம் இரயில் நிலையத்தில் போய்ச் சேர்ந்த விந்தையைச் சக ஊழியர்களிடம் சொன்னோம். நடைமேடை நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள். படம் மிகச் சிறியது: பதினான்கு அங்குல அகலம், பத்து அங்குல உயரம். நம் மகளுடைய தாளின் அளவை ஒட்டியதுதான்.

திருவனந்தபுரத்திலும் ஓவியத்துக்குக் குறைவில்லை. சிஷோம் என்பவர் வகுத்து 1880-இல் கட்டிமுடித்த நேப்பியர் காட்சிச்சாலையின் தோட்டத்திலேயே, 1935-இல் திறந்த ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடம் உள்ளது. இரவிவர்மாவுக்கெனத் தனிக்கூடமும் அவ்வளாகத்தில் 2023-இல் திறந்திருக்கிறார்கள். அன்னத்தோடு பேசும் தமயந்தியைப் பாருங்கள். சேலைச் சரிகையின் இழையை எண்ணிவிடலாம். நம் வீட்டார் போற்றும் ஓவியம் அதுவே. நாமும் அதில்தான் வளர்ந்தோம். பாரிசில் இவர்கள் ஏளனம் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கே இளைஞர் இரவிவர்மா புகழ்பெறத் தொடங்கியிருந்தார் என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. அவர் தம்பி இராஜராஜ வர்மா இயற்கைக் காட்சிகளில் மனம் வைத்தவர்; அண்ணன் புகழின் நிழலில் பலர் அவரைக் கவனிப்பதில்லை. கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் இங்கே தனிக்கூடம் உண்டு. பின்னாளில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் உருவாக்கிய அவர், இளமையில் தந்தி இலாகாவில் ஊழியம் பார்த்தவர். குமாஸ்தாக்கள் இப்படி எதிர்பாராத இடங்களில் எதிர்ப்படுகிறார்கள்.

புத்தகம் வாங்கிய அன்று மாலை, படத்தை நம் தாயாரிடம் காட்டினோம். எழுபதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. மற்றக் கண்ணில் இன்னும் இருக்கிறது. புத்தகத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தவர், "இதுவும் மழையால்லா இருக்கு. பிள்ளை போட்டதுக்கும் இதுக்கும் வெள்ளைக்காரன் வண்டி ஒண்ணுதான் வித்தியாசம்" என்றார்.

"எந்தப் பிள்ளை? எது?" என்றோம்.

தாயார் எழுந்து போய்த் தம் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சேலைகளின் அடியில், நாம் சென்ற ஆண்டு ஒதுக்கிய தாள் மடங்காமல் இருந்தது. குப்பைக் கூடையிலிருந்து தாமே எடுத்து வைத்தாராம். "எய்யா, இது நம்ம தெருல்லா? பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுது. ஒனக்குத்தான் தெரியல. நீ கிட்ட வச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்?" என்றார். பனங்காட்டில் ஐம்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு வந்தவர், 'நம்ம தெரு' என்று சொன்னார். அச்சொல் நம்மை இம்முறை சுடவில்லை. வேறு ஏதோ செய்தது.

தாளைச் சுவரில் சாய்த்து வைத்து, ரேழியின் மறுகோடிக்குப் போய் நின்று பார்த்தோம். சாம்பல் நிறம் இறவாரத்து நீராயிற்று. கலங்கியவை திண்ணைகளாயின. மஞ்சள் தீற்றல் எதிர்வீட்டு மாமி. நடுவிலிருந்த கறுப்புப் பொட்டு ஒரு குடை; தலைகீழாய் இருந்தது நனைந்த தரையில் அதன் நிழல். குடைக்குக் கீழே இரண்டு கோடுகள் கால்கள்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும், அந்தக் குடை யாருடையது என்று கேட்டோம். நாம் மீண்டும் கோபிக்கப் போகிறோமோ என்று ஆச்சியைப் பார்த்துவிட்டு, "அப்பா டூட்டி முடிஞ்சு வர்றது" என்றாள்.

மன்னிப்புக் கேட்பது தமிழ்த் தகப்பன்மாருக்கு எளிதில் வரும் கலையன்று. அடுத்த ஊதியத்தில் நல்ல தாளும் வண்ணமும் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் வைத்தோம். பதினைந்து நாள் அவை பிரிக்கப்படாமலே கிடந்தன. பிறகு இடவப்பாதி வந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை நல்ல மழை. இரவுப் பணி முடித்துப் பகலெல்லாம் உறங்கி எழுந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். மகள் வந்து, சென்ற ஆண்டு மனத்திலிருந்து போட்டதில் கால் சரியாக வரவில்லை, குடையை எடுத்துக்கொண்டு தெருவில் சற்று நில்லுங்கள் என்றாள். நின்றோம். "இன்னும் கோயில் பக்கம் தள்ளி" என்றாள். தள்ளி நின்றோம். கணுக்கால்வரை நீர் ஓடியது. அவ்வழி வந்த மலையாள நண்பர் ஒருவர், யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். மகள் படம் எழுதுகிறாள் என்றோம். அவர் திண்ணையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், தம் குடையோடு நமக்குப் பக்கத்தில் வந்து, முகத்தைச் சற்று நிமிர்த்திக்கொண்டு நின்றுவிட்டார். முகம் வரைய மாட்டாள் என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.